32 ஃபோர்டுக்குள் வி8: எங்கே இடிக்கிறது, எதை மாற்றலாம், எதை வெட்டலாம்

ஹாட் ராட் (பழைய காரில் வலுவான எஞ்சினை வைத்து மாற்றிக் கட்டிய வண்டி) கட்ட இறங்குகிறவர்களில் பலர் முதலில் எஞ்சினை வாங்கிவிட்டு அப்புறம்தான் டேப்பைக் கையில் எடுக்கிறார்கள். எஞ்சின் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருக்கும். முன்னால் ஃபேன் ரேடியேட்டரில் முட்டும், பின்னால் டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பகிரும் பாகம்) ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தகடு) இடிக்கும், எக்ஸாஸ்ட் போகவேண்டிய இடத்தில் ஸ்டீயரிங் பாக்ஸ் உட்கார்ந்திருக்கும். "எதை வெட்டுவது?" என்ற கேள்வி அப்போதுதான் வரும். பதில்கள் நிறைய உண்டு. சிலதை அடுத்த வாரமே கழற்றி மாற்றிக்கொள்ளலாம். சிலதைச் செய்துவிட்டால் வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவே முடியாது. இந்த வேறுபாட்டை வைத்துத்தான் ஒவ்வொரு வழியையும் இங்கே எடைபோடப் போகிறேன்.

உதாரணத்துக்கு 1932 ஃபோர்டை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க ஹாட் ராட்காரர்கள் 'டியூஸ்' என்று செல்லமாகக் கூப்பிடும் வண்டி. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 106 அங்குலம். ஃபோர்டின் முதல் வி8 (வி வடிவில் எட்டு சிலிண்டர் கொண்ட எஞ்சின்) வந்ததும் அந்த ஆண்டில்தான்: 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன், ஃபிளாட்ஹெட். வால்வுகள் பிளாக்குக்குள்ளேயே இருப்பதால் ஹெட் வெறும் மூடி மாதிரிதான். எஞ்சின் ஒடுக்கமாக இருக்கும். அந்த எஞ்சினுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைதான் 32-இன் பானெட். 1955-இல் செவர்லேயின் 265 கன அங்குல 'ஸ்மால் பிளாக்' வி8 வந்தது. வால்வு மேலே, எடை குறைவு, விலையும் கட்டுப்படியாகும். ஹாட் ராட்காரர்கள் கூட்டமாக அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். இடிக்கிற கதை பெருகியதும் அப்போதிருந்துதான்.

என் கட்சியை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். முதலில் எஞ்சினில் போல்ட் போட்டு மாட்டியிருக்கும் பாகங்களை மாற்றுங்கள். போதாவிட்டால் ஃபயர்வால் தகட்டுக்குப் போங்கள். சேஸிஸையும் ரேடியேட்டர் இருக்கும் இடத்தையும் கடைசிவரை தொடாதீர்கள். இதற்கு விதிவிலக்கு உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

அளக்கும்போது எதை அளப்பது

முழு எஞ்சினைத் தூக்கி இறக்கித் தூக்கி இறக்கி அளப்பது வீண் வேலை. வெற்று பிளாக், ஒரு ஜோடி பழைய ஹெட், காலி கியர்பாக்ஸ் கூடு இருந்தால் போதும். எடை குறைந்த பிளாஸ்டிக் மாதிரி பிளாக்குகளும் விற்கிறார்கள். ஒற்றை ஆளாகத் தூக்கி வைக்கலாம். ஆனால் மாதிரி பிளாக்கில் அளக்கும்போது வாட்டர் பம்ப், டிஸ்ட்ரிபியூட்டர், ஸ்டார்ட்டர், ஆயில் ஃபில்ட்டர், எக்ஸாஸ்ட் ஆகியவை உண்மையானவையாக இருக்கவேண்டும். இடிப்பது எப்போதும் பிளாக்கைச் சுற்றித் தொங்கும் இந்தச் சாமான்கள்தான்.

உள்ளே போவது ஒன்று, உள்ளே வேலை செய்ய முடிவது இன்னொன்று. பட்டறையில் யாராவது "உட்கார்ந்துடுச்சு!" என்று கைதட்டினால் உடனே கேட்கவேண்டியவை சில உண்டு. எஞ்சினை இறக்காமல் எட்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்ற முடியுமா? டைமிங் வைக்க டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்ப இடம் இருக்கிறதா, அல்லது வேக்யூம் டப்பா ஃபயர்வாலில் போய் நிற்கிறதா? பெல் ஹவுசிங்கின் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடு) மேல் போல்ட்டுக்கு ஸ்பேனர் போகுமா? ஆயில் ஃபில்ட்டரைக் கீழே இறக்கி எடுக்க வழி உண்டா?

இன்னொன்று, எஞ்சின் நின்ற இடத்திலேயே நிற்காது. ரப்பர் மவுண்ட்டில் இருக்கும் வி8-இல் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் டிரைவர் பக்கம் மேலே எழும்பும். அமெரிக்க வண்டியில் டிரைவர் இடதுபக்கம். ஸ்டீயரிங் தண்டும் அதே பக்கம். அதனால் ஹெடருக்கும் (எஞ்சினிலிருந்து இறங்கும் எக்ஸாஸ்ட் குழாய்கள்) ஸ்டீயரிங் தண்டுக்கும் நடுவே குறைந்தது அரை அங்குலம், முடிந்தால் முக்கால் அங்குலம் விடுங்கள். விரல் நுழைகிறது, போதும் என்று விட்டால் முதல் சிக்னலிலேயே "டங்" என்று சத்தம் கேட்கும்.

நீளம்: முக்கியமான சண்டை இங்கேதான்

32-இல் அகலமும் உயரமும் எப்படியாவது சமாளிக்கக்கூடியவை. நீளம்தான் கழுத்தைப் பிடிக்கும். ரேடியேட்டருக்கும் ஃபயர்வாலுக்கும் இடையில் உள்ள தூரம் நிலையானது. அதற்குள் ஃபேன், பம்ப், பிளாக், டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் வரிசையாக நிற்கவேண்டும். ஆகவே ஒவ்வொரு அங்குலத்தையும் எங்கிருந்து எடுப்பது என்று பார்க்கலாம்.

முதலாவது வாட்டர் பம்ப். செவர்லே ஸ்மால் பிளாக்கில் 1968 வரை குட்டை பம்ப், 1969 முதல் நீள பம்ப். கார்வெட்டில் மட்டும் அதற்குப் பிறகும் குட்டை பம்ப் தொடர்ந்தது. பிளாக் முகத்திலிருந்து புல்லி பொருந்தும் இடம்வரை குட்டை பம்ப் சுமார் 5⅝ அங்குலம். நீள பம்ப் ஏழு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. வித்தியாசம் ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்று மேல். கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் 32-இல் ஃபயர்வாலை வெட்டுவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பது பல நேரம் இந்த ஒன்றேகால் அங்குலம்தான். பம்பை மட்டும் மாற்றினால் பெல்ட் நேர்கோட்டில் ஓடாது. கிராங்க் புல்லி, ஆல்டர்னேட்டர் பிராக்கெட் எல்லாம் குட்டை பம்புக்கானவையாக இருக்கவேண்டும். 1969-க்கு முந்தைய ஹெட்களில் பிராக்கெட் மாட்டுவதற்கான போல்ட் துளைகள் முன் முகத்தில் இருக்காது. பழைய ஹெட் வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்துவிட்டு பிராக்கெட் வாங்குங்கள்.

இரண்டாவது ஃபேன். எஞ்சினோடு சுற்றும் ஃபேனா, எலக்ட்ரிக் ஃபேனா என்று முடிவே இல்லாமல் விவாதம் நடக்கும். எஞ்சின் ஃபேன் எளிமையானது, ஒயர் கிடையாது, ரிலே கிடையாது, கெட்டுப்போகவும் ஒன்றுமில்லை. ஆனால் இறக்கை ரேடியேட்டரிலிருந்து ஓர் அங்குலமாவது தள்ளி நிற்கவேண்டும். சுற்றிலும் ஷ்ரவுட் (காற்றை ரேடியேட்டர் வழியே இழுக்க உதவும் கூடு) வேண்டும். இறக்கையின் பாதி ஷ்ரவுடுக்குள்ளும் பாதி வெளியேயும் இருந்தால்தான் காற்றை ஒழுங்காக இழுக்கும். 32-இல் இத்தனைக்கும் இடம் கிடைப்பது அபூர்வம். ஷ்ரவுடை விட்டுவிடுகிறார்கள். வெயில் காலத்தில் கார் கண்காட்சி வரிசையில் மெதுவாக ஊர்ந்து போகும்போது வண்டி கொதிக்கிறது.

எலக்ட்ரிக் ஃபேன் தட்டையாக இருப்பதால் ஒன்றிரண்டு அங்குலம் மிஞ்சும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஒரு சின்ன விஷயம் விட்டுப்போகும்: ஃபேனின் மோட்டார் நட்டநடுவில் புடைத்துக்கொண்டு நிற்கும். வாட்டர் பம்பின் மூக்கும் ஏறக்குறைய அதே இடத்துக்கு நேராக நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டும் மோதும். ஃபேனின் ஓரப் பகுதி தட்டை என்பதால் பயனில்லை, அளக்கவேண்டியது மோட்டார் முதுகிலிருந்து. பெரிய ஒற்றை ஃபேனுக்குப் பதில் சிறிய ஃபேனாக மேலே கீழே தள்ளி வைத்தால் இந்த மோதல் தீரும். ரேடியேட்டருக்கு முன்னால், கிரில் பக்கம் வைத்துத் தள்ளும் ஃபேனும் உண்டு. இடத்துக்கு அது நல்ல தீர்வு, குளிர்ச்சிக்குச் சுமாரான தீர்வு. வண்டி வேகமாக ஓடும்போது தானே வரும் காற்றையும் அது கொஞ்சம் மறைக்கும். வேறு வழியே இல்லாதபோது மட்டும் அதைத் தேர்ந்தெடுங்கள். எந்த எலக்ட்ரிக் ஃபேன் என்றாலும் ரிலே கட்டாயம். அது இழுக்கும் கரண்ட்டை நேராக ஸ்விட்ச் வழியாக அனுப்பினால் ஸ்விட்ச் உருகும்.

மூன்றாவது டிஸ்ட்ரிபியூட்டர். ஸ்மால் பிளாக் செவர்லேயில் அது எஞ்சினின் பின்கோடியில், ஃபயர்வாலை ஒட்டி நிற்கிறது. 1970-களின் நடுவில் செவர்லேயின் தாய் நிறுவனமான ஜி.எம். கொண்டுவந்த எச்.இ.ஐ. டிஸ்ட்ரிபியூட்டரில் காயில் (தீப்பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் சுருள்) மூடிக்குள்ளேயே இருப்பதால் மூடி பெரிய சைஸ். ஃபயர்வாலில் முதலில் இடிப்பது அதுதான். இதற்காகத் தகட்டை வெட்டுகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரியும். சிறிய மூடியுள்ள டிஸ்ட்ரிபியூட்டரை வாங்கி, காயிலைத் தனியாக வேறு எங்காவது மாட்டினால் பிரச்சினை அநேகமாக அங்கேயே முடிந்துவிடும். ஒரு மாலை வேலை, அவ்வளவுதான்.

இந்த மூன்றையும் சேர்த்துச் செய்தால் குட்டை பம்பும் சின்ன டிஸ்ட்ரிபியூட்டரும் கொண்ட ஸ்மால் பிளாக், 32-இன் ஃபயர்வாலை அதிகம் தொந்தரவு செய்யாமல் உட்கார வாய்ப்பு உண்டு. ரேடியேட்டரையும் ஒருமுறை பாருங்கள். பழைய பல வரிசை செம்பு கோர் தடிமனாக இருக்கும். அகலமான குழாய் கொண்ட இரண்டு வரிசை அலுமினிய ரேடியேட்டர் மெல்லியது, குளிர்ச்சியும் குறையாது. அலுமினியம் பளபளப்பது சிலருக்குப் பிடிக்காது. கருப்புப் பெயின்ட் அடித்துவிடுங்கள்.

ஃபயர்வாலை உள்ளே தள்ளுவதா, ரேடியேட்டரை முன்னே தள்ளுவதா

மேலே சொன்னதெல்லாம் செய்தும் போதவில்லை என்றால் இரண்டில் ஒன்று.

ஃபயர்வாலை இரண்டு மூன்று அங்குலம் காருக்குள் குழிவாக வாங்கிவிட்டால் எஞ்சின் பின்னால் போகும். எடையும் கொஞ்சம் பின்னால் போவதால் வண்டியின் நடத்தைக்கு அது நல்லதுதான். விலை கொடுப்பது கால். 32-இல் ஏற்கெனவே கால் நீட்ட இடம் குறைவு. ஆறடி ஆள் ஓட்டுகிற வண்டி என்றால் அந்த மூன்று அங்குலத்தை முழங்கால் உணரும். ஏசி போடுகிற எண்ணம் இருந்தால் அதன் பெட்டியும் டேஷ்போர்டுக்கு அடியில் அதே இடத்தைத்தான் கேட்கும். கியர்பாக்ஸும் எஞ்சினோடு பின்னால் போவதால் தரையில் சுரங்கமும் பெரிதாகும். டர்போ 350 கியர்பாக்ஸைவிட 700ஆர்4 சுமார் மூன்று அங்குலம் நீளம். ஓவர்டிரைவ் (நீண்ட ஓட்டத்தில் எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கியர்) வேண்டும் என்பதற்காக 700ஆர்4 வைப்பவர்கள் ஃபயர்வால் முடிவையும் கியர்பாக்ஸ் முடிவையும் சேர்த்தே எடுக்கவேண்டும்.

ரேடியேட்டரை முன்னே தள்ளுவது காகிதத்தில் எளிது. நடைமுறையில் 32-இன் அழகே கெட்டுவிடும். கிரில் ஷெல், பானெட், பக்கத் தகடுகள் எல்லாம் ஒன்றோடொன்று கோர்த்தவை. ரேடியேட்டர் ஓர் அங்குலம் நகர்ந்தால் பானெட்டும் ஓர் அங்குலம் நீளவேண்டும், பக்கத் தகடும் அப்படியே. சேஸிஸ் பக்கவாட்டில் அச்சடித்த வளைவுக் கோடு பாடியின் வளைவோடு சேர்ந்து ஓடும் வண்டி இது. ஃபெண்டர் இல்லாமல் ஓட்டும்போது அந்தக் கோடு முழுதாகத் தெரியும். முன்பக்கத்தை நீட்டினால் அந்தப் பொருத்தம் போகிறது. பார்க்கிறவர்களுக்கு எதுவென்று சொல்லத் தெரியாது, ஆனால் என்னவோ இடறும். அதனால் நான் எப்போதும் ஃபயர்வால் பக்கம்தான்.

இங்கேதான் விதிவிலக்கு. பாடி 1932-இல் பிறந்த அசல் இரும்பா, அல்லது புதிதாகச் செய்ததா? ஒஹையோவின் புரூக்வில் நிறுவனம் புதிதாக அச்சடித்த ஸ்டீல் பாடியோ, ஃபைபர்கிளாஸ் பாடியோ என்றால் குழிவான ஃபயர்வாலை ஆரம்பத்திலேயே போட்டுவிடுங்கள். பம்ப், டிஸ்ட்ரிபியூட்டர் என்று ஒவ்வொரு அரை அங்குலத்துக்கும் போராடவேண்டிய அவசியமே இல்லை. கால் இடத்தை மட்டும் உட்கார்ந்து பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள். அசல் பாடி என்றால் கட்டிங் வீலைக் கீழே வையுங்கள். அசல் தகடு இனி பிறக்கப்போவதில்லை. தவிர்க்கவே முடியாது என்றால் நடுவில் ஓட்டை போடாமல் முழுத் தகடாக எடுத்து, எண்ணெய் தடவிப் பத்திரப்படுத்துங்கள். மாற்றுத் தகடு வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

எந்த எஞ்சின்

குதிரைத்திறனை வைத்து எஞ்சினைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் இடப் பிரச்சினைக்கு வழி காட்டாது. பார்க்கவேண்டியவை நான்கு: டிஸ்ட்ரிபியூட்டர் எங்கே, சம்ப் (ஆயில் பேனில் எண்ணெய் தேங்கும் ஆழமான பகுதி) எங்கே, ஆயில் ஃபில்ட்டர் எங்கே, ஹெட் எவ்வளவு அகலம்.

செவர்லே 350. டிஸ்ட்ரிபியூட்டர் பின்னால், சம்ப் பின்னால், ஆயில் ஃபில்ட்டர் இடதுபக்கம் பின்கோடியில், மெக்கானிக்கல் ஃப்யூயல் பம்ப் வலதுபக்கம் முன்னால். ஸ்டீயரிங் பாக்ஸ் இடது முன்பக்கம் வருவதால் அந்த மூலையில் மோதுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. பின்னால் இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்றுதான் வில்லன். 1957 வரையிலான பழைய பிளாக்கில் பக்கவாட்டு மவுண்ட் மேடைகள் கிடையாது, 1958-இலிருந்துதான் வந்தன. பழங்கால அழகுக்காக 265 தேடி வாங்குகிறவர்கள் முன்பக்க மவுண்ட்டுக்குத் தயாராக இருக்கவேண்டும்.

ஃபோர்டு 302. "ஃபோர்டுக்குள் ஃபோர்டுதான் இருக்கணும்" என்கிற கட்சிக்காரர்களின் செல்லம். டிஸ்ட்ரிபியூட்டர் முன்னால், ஆகவே ஃபயர்வால் தப்பிக்கும். எடையும் இரும்பு செவர்லேயைவிடச் சுமார் 100 பவுண்டு குறைவு. ஆனால் பிரச்சினை முழுவதும் முன்மூலைக்கு இடம்பெயர்கிறது. ஆயில் ஃபில்ட்டர் இடதுபக்கம் முன்னால், மெக்கானிக்கல் ஃப்யூயல் பம்பும் இடதுபக்கம் முன்னால், ஸ்டீயரிங் பாக்ஸும் அங்கேதான். ஃபில்ட்டரைத் தள்ளி வைக்கும் அடாப்டர், எலக்ட்ரிக் ஃப்யூயல் பம்ப் இரண்டையும் பட்ஜெட்டில் எழுதிக்கொள்ளுங்கள். முன்பக்கச் சாமான்கள் நீளமானவை. 1996 முதல் 2001 வரையிலான எக்ஸ்ப்ளோரரின் 5.0 எஞ்சினிலிருந்து பம்பும் பெல்ட் அமைப்பும் எடுத்துப் போட்டால் முன்பக்கம் நன்றாகச் சுருங்கும். பழைய சாமான் கடையில் தேடினால் கிடைக்கக்கூடியது.

302 வேண்டாம், 351 விண்ட்ஸர் போடுகிறேன், ஒரே குடும்பம்தானே என்பார்கள். குடும்பம் ஒன்றுதான், உடல்வாகு வேறு. 302-இன் டெக் உயரம் (கிராங்க் நடுவிலிருந்து ஹெட் உட்காரும் முகம்வரை) 8.2 அங்குலம், 351-இன் டெக் உயரம் 9.5. ஒவ்வொரு பக்கமும் 45 டிகிரி சாய்வில் 1.3 அங்குலம் கூடுகிறது. மொத்தத்தில் அகலம் இரண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாகவும், உயரம் ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாகவும் ஏறும். 32-இன் பானெட் பக்கத் தகடுகளுக்குள் அந்த இரண்டு அங்குலம் எக்ஸாஸ்ட்டைக் கொன்றுவிடும்.

எல்எஸ். 1997 கார்வெட்டில் தொடங்கிய ஜி.எம். வி8 குடும்பம். டிஸ்ட்ரிபியூட்டரே கிடையாது, எனவே பின்னால் நிம்மதி. ஆனால் எந்த வண்டியிலிருந்து எடுத்தது என்பதைப் பொறுத்து முன்பக்கம் முழுதாக மாறுகிறது. கார்வெட்டின் பெல்ட் அமைப்பு பிளாக்கை ஒட்டியது. கமாரோவுடையது அதைவிட முன்னால். டிரக்குடையது எல்லாவற்றையும்விட நீட்டிக்கொண்டிருக்கும். டிரக்கில் ஆல்டர்னேட்டர் மேலே இருப்பதால் சேஸிஸில் இடிக்காது, ஆனால் இன்டேக் (எஞ்சினுக்குள் காற்று போகும் பகுதி) ஒட்டகத் திமில் மாதிரி எழும்பி பானெட்டைத் தூக்கும். கமாரோ அமைப்பில் இன்டேக் தாழ்வு, ஆல்டர்னேட்டரும் தாழ்வு, அது போய்ச் சேஸிஸில் முட்டும். ஏசி கம்ப்ரஸர் வலதுபக்கம் கீழே தொங்குவது இன்னொரு தலைவலி. டிரக்கின் ஆயில் பேன் ஆழமானது. ஆகவே மலிவாகக் கிடைத்த டிரக் எஞ்சினில் இன்டேக், ஆயில் பேன், பெல்ட் அமைப்பு மூன்றையும் மாற்றியபின் கணக்குப் பார்த்தால் மலிவு கரைந்திருக்கும். கம்ப்யூட்டர், 58 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கு ஃப்யூயல் பம்ப் எல்லாம் அதற்கு மேல். தினமும் ஓட்டப்போகிற வண்டி என்றால் இத்தனைக்கும் தகும். ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு எனக்கென்னவோ தேவை தெரியவில்லை.

2011-இல் முஸ்டாங்கில் வந்த 5.0 கொயோட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். நான்கு கேம்ஷாஃப்ட் சுமக்கும் ஹெட்கள் இரண்டு பக்கமும் விரிந்திருக்கும். பக்கத் தகடுகளை மறந்துவிடுங்கள். 1951-இல் வந்த கிறைஸ்லர் ஹெமிக்கும் அதே கதை, கூடவே எடை. பார்க்க அழகு, அதனால்தான் அதைப் பானெட் இல்லாமல் காட்டுகிறார்கள்.

யாரும் கண்டுகொள்ளாத ஒன்று செவர்லேயின் 4.3 வி6. ஸ்மால் பிளாக் வி8-இல் இரண்டு சிலிண்டரைக் கழித்தால் வருவதுதான் இது. சிலிண்டர் இடைவெளி 4.4 அங்குலம், ஆகவே எஞ்சின் அந்த அளவு குட்டை. அதே பெல் ஹவுசிங் துளைகள்தான், பல கியர்பாக்ஸ்கள் நேராகப் பொருந்தும். 103.5 அங்குல இடைத்தூரமுள்ள மாடல் ஏ ஃபோர்டில் அசல் ஃபயர்வாலை வைத்துக்கொண்டே கட்ட ஆசைப்படுகிறவருக்கு இதைவிட நேர்மையான தீர்வு எனக்குத் தெரியாது. குறை ஒன்றே ஒன்று, சத்தம். வி8 கேட்டுப் பழகிய காதுக்கு அது உப்பில்லாத சாம்பார்தான். சத்தத்துக்காகத்தான் ஹாட் ராட் கட்டுகிறீர்கள் என்றால் இந்தப் பத்தியை மறந்துவிடுங்கள்.

ஸ்டீயரிங்கும் எக்ஸாஸ்ட்டும்

அகலத்தில் சண்டை போடும் இரண்டு பேர் இவர்கள். ஹாட் ராடில் வழக்கமாக வைப்பது 1970-களின் செவர்லே வேகா ஸ்டீயரிங் பாக்ஸ். இடது சேஸிஸ் தண்டில் எஞ்சின் மவுண்ட்டுக்கு முன்னால் நிற்கும். அங்கிருந்து ஒரு தண்டு எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குப் போகும். முஸ்டாங் 2 பாணி முன் சஸ்பென்ஷன் வைத்தால் ரேக் அண்ட் பினியன் ஸ்டீயரிங் வரும். பக்கவாட்டு இடம் விடும், ஆனால் குறுக்குச் சட்டம் எஞ்சினுக்கு அடியில் வந்து சம்பின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பின்-சம்ப் செவர்லேக்கு அது பொருந்தும். முன்-சம்ப் ஃபோர்டுக்கு வேறு ஆயில் பேன் தேட வேண்டும். ஃபெண்டர் இல்லாத 32-இல் முஸ்டாங் 2 சஸ்பென்ஷன் வெளியே தெரிவது எனக்குப் பிடிப்பதில்லை. ஐ-பீம் ஆக்ஸில்தான் அந்த வண்டியின் முகம். ஃபெண்டர் இருந்தால் மறைந்துவிடும், அப்போது யோசிக்கலாம்.

எக்ஸாஸ்ட்டில் மூன்று தேர்வு. நீளக் குழாய் ஹெடர் சக்திக்கு நல்லது, ஆனால் வேகா பாக்ஸைச் சுற்றி வளைந்து போக இடமே இல்லை. பிளாக்கை ஒட்டி இறங்கும் குட்டை ஹெடர் பெரும்பாலானவர்கள் போடுவது. ஆட்டுக் கொம்பு வடிவத்தில் நடுவில் இறங்கும் பழைய செவர்லே வார்ப்பிரும்பு மேனிஃபோல்ட்தான் என் தேர்வு. நடுவில் இறங்குவதால் முன்னால் ஸ்டீயரிங் பாக்ஸையும் பின்னால் ஸ்டீயரிங் தண்டையும் தவிர்த்துவிடுகிறது. பிளக் கழற்ற எளிது, கேஸ்கெட் ஊதாது, தகரக் குழாய் மாதிரி சத்தம் போடாது. சில குதிரைத்திறன் போகும். 32-இல் அதை யாரும் உணரப்போவதில்லை.

இன்னும் இடம் வேண்டுமா? எஞ்சினை முக்கால் அல்லது ஓர் அங்குலம் வலதுபக்கம் தள்ளி வையுங்கள். கார் கம்பெனிகளே செய்திருக்கிற காரியம்தான். கிராங்க் அச்சும் பின் ஆக்ஸில் பினியன் அச்சும் இணையாக இருந்தால் போதும், டிரைவ்ஷாஃப்ட் ஜாயின்ட் அதைத் தாங்கிக்கொள்ளும். ஸ்டீயரிங் தண்டை யு-ஜாயின்ட் போட்டு வளைக்கும்போது மட்டும் ஒரு ஜாயின்ட்டுக்கு 35 டிகிரிக்கு மேல் போகாதீர்கள். மூன்று ஜாயின்ட் ஆகிவிட்டால் நடுவில் தாங்கு பேரிங் வேண்டும். இல்லாவிட்டால் தண்டு பம்பரம்போல அலையும், இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

பிரேக் மாஸ்டர் சிலிண்டரையும் ஃபயர்வாலிலிருந்து இறக்கித் தரைக்கு அடியில் மாட்டினால் இடது பின்மூலை காலியாகும். ஆனால் சிலிண்டர் சக்கர பிரேக்கைவிடத் தாழ்வாகப் போவதால் பிரேக் ஆயில் பின்னோக்கி வடியும். டிஸ்க்குக்கு 2 பி.எஸ்.ஐ., டிரம்முக்கு 10 பி.எஸ்.ஐ. அழுத்தத்தை லைனில் பிடித்துவைக்கும் வால்வு வைக்கவேண்டும். ஹெடர் சூடு படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கீழே, மேலே

பானெட்டில் இடித்தால் எஞ்சினை இறக்கிவிடலாம் என்று தோன்றும். எவ்வளவு இறக்கலாம் என்பதற்கு ஹாட் ராட்காரர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. ஒரு சக்கர ரிம்மின் அடியிலிருந்து மற்ற சக்கர ரிம்மின் அடிக்கு நூல் பிடியுங்கள். அந்த நூலுக்குக் கீழே சம்ப், எக்ஸாஸ்ட், பிராக்கெட் எதுவும் தொங்கக்கூடாது. டயர் வெடித்து ரிம்மில் ஓடினாலும் தரையில் எதுவும் உரசாது. ஆழமான டிரக் ஆயில் பேன் இந்தச் சோதனையில்தான் மாட்டிக்கொள்ளும்.

மேல் இடைவெளியை அளக்க ஏர் கிளீனர் மேல் குழந்தைகள் விளையாடும் களிமண் உருண்டை ஒன்றை வைத்து பானெட்டை மெதுவாக மூடித் திறங்கள். நசுங்கிய களிமண்ணின் தடிமன்தான் உங்கள் இடைவெளி. அரை அங்குலத்துக்குக் குறைந்தால் தாழ்வான ஏர் கிளீனரோ தாழ்வான இன்டேக்கோ பாருங்கள். பானெட்டில் ஓட்டை போடுவது அதற்கும் பிறகு.

பானெட்டையே கழற்றிவிடலாமே? செய்கிறார்கள், நிறையப் பேர். பக்கத் தகடுகளை மட்டும் எடுத்துவிட்டு மேல்மூடியை வைத்துக்கொள்வது எனக்கு அதைவிடப் பிடிக்கும். அகலப் பிரச்சினை மொத்தமும் போய்விடும், சூடும் வெளியேறும், டிஸ்ட்ரிபியூட்டரும் மழையில் நனையாது. தகடுகளைச் சுவரில் மாட்டிவைத்தால் விரும்பியபோது திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

அசல் பாடியும் குறைந்த பட்ஜெட்டும் உள்ளவர் என்னிடம் கேட்டால் குட்டை பம்ப், சிறிய டிஸ்ட்ரிபியூட்டர், கொம்பு மேனிஃபோல்ட் போட்ட 350, டர்போ 350 கியர்பாக்ஸ் என்றுதான் சொல்வேன். ஃபோர்டு பிடிவாதம் உள்ளவர் எக்ஸ்ப்ளோரர் முன்பக்கத்தோடு 302 போடட்டும், ஃபில்ட்டர் அடாப்டருக்குப் பணம் ஒதுக்கிக்கொண்டு. புதிய பாடியில், நீண்ட தூரம் ஓட்டப்போகிறவருக்கு மூன்று அங்குலம் குழிவான ஃபயர்வாலும் கார்வெட் பெல்ட் அமைப்போடு எல்எஸ்ஸும் சரி. ஆனால் எஞ்சினுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் அந்த வெற்றுப் பாடிக்குள் ஒரு பலகை போட்டு உட்கார்ந்து, பெடல் வரும் இடத்தில் காலை நீட்டிப் பாருங்கள்.